பல் பிடுங்கும் முன் போடும் ஊசிக்குத் தமிழ்ப் பெயர்: கலைச்சொல் குழுவில் ஓர் உரையாடல்

தல்லாகுளம் பல் மருத்துவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் பல் முகாம் வைக்கிறோம். துண்டறிக்கை வெள்ளிக்கிழமை சிவகாசிக்கு அச்சுக்குப் போக வேண்டும். அதில் 'மயக்க ஊசி' என்றிருப்பதை மாற்றியாக வேண்டும். போன முகாமில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, மயங்க வைப்பார்கள், வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்று நினைத்து ஒரு அம்மா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டார். ஊசியைத் தொடும் முன்பே வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நாற்காலியில் சரிந்துவிட்டார். குளுக்கோஸ் கொடுத்து உட்கார வைத்தோம். சரி, அந்த இடத்தில் மட்டும் வலி தெரியாமல் செய்வது என்ற பொருளில் 'லோக்கல் அனஸ்தீசியா' என்று சொல்லலாமென்றால், "லோக்கல் வேணாம் டாக்டர், காசு கூடன்னாலும் நல்லதாப் போடுங்க" என்கிறார்கள்.

திருப்பரங்குன்றம் புலவர் ஐயா:

மயக்கம் எனல் பிழையே. அனஸ்தீசியா என்ற பெயரை 1846இல், ஈதர் என்ற மருந்தை முகர்ந்து வரும் மயக்கத்துக்குப் பரிந்துரைத்தவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். கிரேக்கத்தில் அதற்குப் பொருள் உணர்வின்மை. ஆகவே 'உணர்வகற்றி'. பல்லுக்கு 'எயிறு' என்ற செம்மையான சொல் இருக்க, அதையும் சேர்த்து 'எயிற்றிட உணர்வகற்றி' என்க. 'வாலெயிறு ஊறிய நீர்' என்று வள்ளுவர் சொன்னதை உசிலம்பட்டி மட்டும் மறந்துவிட்டதா?

மேலூர்ப் பள்ளி ஆசிரியை:

ஐயா, வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "எயிறுன்னா ஈறா டீச்சர்?" என்றார்கள். ஊசியை ஈற்றோரத்தில்தான் குத்துகிறார்கள் என்பதால், அந்தப் பிழையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊரில் "வாய் மரத்துப் போச்சு" என்பதுதானே பேச்சு? 'மரப்பு ஊசி' என்று எழுதிவிடுங்கள்.

தல்லாகுளம் பல் மருத்துவர்:

'உணர்வகற்றி'யில் எனக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. நாங்கள் ஊசியில் போடும் லிக்னோகெய்ன் என்ற மருந்து நரம்பிழையில் சோடியம் நுழையும் வாயில்களை அடைத்துவிடுகிறது. அதனால் வலிச்சேதி மூளைக்குப் போவதில்லை. வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் எளிதில் அடைபடும். அழுத்தத்தைச் சொல்லும் தடித்த இழைகள் அவ்வளவு லேசில் அடங்காது. கொறடால் பல்லை ஆட்டும்போது இழுப்பதும் அமுக்குவதும் தெரியும், வலி மட்டும் இராது. உணர்வே போய்விடும் என்று எழுதினால், இழுப்பு தெரிந்தவுடன் "ஊசி பிடிக்கல!" என்று கையைத் தட்டிவிடுவார்கள்.

திருநகர் மொழியியல் மாணவர்:

அப்படியென்றால் 'வலியடைப்பு ஊசி' பொருந்தும். 'மரப்பு' என்றால் மரம் போல் ஆதல், அதாவது அசைவற்றுப் போதல். 'அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர்' என்ற குறளில் அரமும் மரமும் சேர்ந்தே வருகின்றன. வேர்ச் சிகிச்சையில் பல்லுக்குள் விடும் கருவியும் அரம்தானே! வள்ளுவர் பல் மருத்துவத்தையும் விட்டுவைக்கவில்லை.

புலவர் ஐயா:

தம்பி, அக்குறள் மக்கட்பண்பு பற்றியது, பல் பற்றியது அன்று. 'மரத்தல்' தனி வினை. மரம் என்ற பெயரிலிருந்து அது வந்ததென்று சாதிக்க ஓசை ஒற்றுமை போதாது. 'பிற' பிறப்பாவதுபோல 'மர' மரப்பாகும். புணர்ச்சி சரி என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கட பக்கம் 'விறைப்பு ஊசி' எண்டால் எல்லாருக்கும் விளங்கும்.

மேலூர்ப் பள்ளி ஆசிரியை:

இங்கே விறைப்பு என்றால் கஞ்சி போட்ட வேட்டி, இல்லாவிட்டால் போலீஸ்காரர்.

தல்லாகுளம் பல் மருத்துவர்:

இன்னொரு சோதனை. துண்டறிக்கையில் இப்படி ஒரு வரி வருகிறது: "_____ விடும்வரை சூடான காபி குடிக்காதீர்கள். பிள்ளைகள் உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்." கீழ்த்தாடை நரம்புக்கு ஊசி போட்டால் உதடு சில மணி நேரம் மரத்தே கிடக்கும். பல்லெடுத்த பிள்ளை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கி, மறுநாள் வீங்கிய உதட்டோடு வரும். கோடிட்ட இடத்தில் 'உணர்வகற்றி' உட்காரவில்லை, 'வலியடைப்பு'ம் உட்காரவில்லை. இங்கே சொல்ல வேண்டியது வலியைப் பற்றியல்ல, உதடு மரத்திருப்பதைப் பற்றி. 'மரப்பு விடும்வரை' என்பது மட்டும் தானாக வருகிறது.

திருநகர் மொழியியல் மாணவர்:

சரி, சேர்த்தா பிரித்தா? தடுப்பூசி போல 'மரப்பூசி' என்றால் மரத்தில் எதையோ பூசுவதாகத் தோன்றுகிறது. அச்சில் ஒரு 'ச்' கூடிவிட்டால் பூச்சியே வந்துவிடும்.

புலவர் ஐயா:

குற்றியலுகரத்தை அடுத்து உயிர் வந்தால் உகரம் கெடும்; ஆகவே 'மரப்பூசி' என்பதே முறை. பூச்சிக்கு அஞ்சி இலக்கணத்தைக் கைவிடுவதா?

தல்லாகுளம் பல் மருத்துவர்:

பிரித்தே அனுப்பிவிட்டேன் ஐயா. கீழே ஒரு வரியும் போட்டிருக்கிறேன்: "மரப்பு ஊசியால் மயங்கிவிட மாட்டீர்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்." ஐந்து பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதில் போடவில்லை.

புலவர் ஐயா:

அச்சுக்குப் போனது போகட்டும். குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது 'உணர்வகற்றி' என்பதையும் மாற்றுச்சொல்லாகக் குறிக்க வேண்டும். பாடநூலுக்கு முகாம் மொழி போதாது. 'எயிறு' குறித்துத் தனி மடல் எழுதுகிறேன், சற்று நீளும்.