17 வயதுத் தம்பிக்கு 5 வருட ஏஜென்ட் ஒப்பந்தம்: வெளியே வர வழி உண்டா?

தூத்தூர் அக்கா:

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கம். கடலும் ஃபுட்பாலும்தான் இங்கே எல்லாம். தம்பி லெஃப்ட் விங்கில் ஆடுவான், 17 வயது. போன டிசம்பரில் ஒரு டோர்னமெண்டில் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் வீடு தேடி வந்தார். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் ஒன்றின் ரிசர்வ் டீமில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அப்பா அப்போது ஆழ்கடலில், போட்டில். அம்மாவிடமும் தம்பியிடமும் 12 பக்க இங்கிலீஷ் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். 5 வருடம். கிடைக்கும் வருமானத்தில் 25 சதவீதம் அவருக்கு. 5 வருடம் முடிந்த பிறகும் இன்னும் 2 வருடத்துக்கு வேறு யார் வாய்ப்பு கொடுத்தாலும் முதலில் அவரிடம் காட்ட வேண்டும். நடுவில் விலகினால் 10 லட்சம். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதிலாக அவரே நியமிக்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) டெல்லியில் விசாரிப்பார்.

இன்றுவரை ஒரு டிரயலுக்குக்கூட அவர் அழைத்துப் போகவில்லை. இதற்கிடையில் கேரளாவில் ஒரு கிளப் தம்பியை நேரடியாகக் கூப்பிடுகிறது. அதைச் சொன்னதும் கேஸ் போடுவேன் என்கிறார். ஆகஸ்டில் தம்பிக்கு 18 முடிகிறது, அன்றைக்கு வந்து "சின்னதாக ஒரு பேப்பர்" கையெழுத்து வாங்க வேண்டுமாம். அம்மா தூங்குவதே இல்லை. என்ன செய்வது?

நாகர்கோவில் வக்கீல்:

சகோதரி, கடைசியில் சொன்னீர்களே, அந்தச் சின்னப் பேப்பர், உங்கள் பிரச்சினை அதில்தான் இருக்கிறது. அதை அவன் தொடவே கூடாது.

மைனர் போட்ட ஒப்பந்தம் நம் சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. 1903-இல் மோஹரி பீபி வழக்கில், அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது, இன்றும் அதுதான் நிலை. 18 ஆன பிறகு "அதை ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் பழைய பத்திரத்துக்கு உயிர் வராது. ஆனால் 18 முடிந்த மறுநாள் புதிதாக ஒரு தொகை கொடுத்து, அதே ஷரத்துகளோடு புதுப் பத்திரம் போட்டால் அது செல்லும். அவர் ஆகஸ்டுக்குக் காத்திருப்பது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று பயப்படுகிறீர்கள். மைனர் வந்து வேலை செய்வான் என்று பெற்றோர் போடும் ஒப்பந்தமும் நிற்காது. சினிமாவில் நடிக்க ஒரு சிறுமிக்காக அவள் அப்பா போட்ட ஒப்பந்தம், ராஜ் ராணி எதிர் பிரேம் ஆதிப், பாம்பே ஹைகோர்ட் அதைச் செல்லாது என்றது. அதில் தோற்றது அந்தச் சிறுமி, சம்பளம் கேட்டுப் போனவள். அதனால் ஏஜென்ட் தந்த வாக்குறுதிகளை வைத்து நீங்களும் கேஸ் போட முடியாது. விலகி வருவது மட்டுமே வழி.

ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள். அம்மா காப்பாளராகக் கையெழுத்துப் போட்டாரா, ஜாமீன்தாரராகவா? ஜாமீன் என்றால் அந்த 10 லட்சத்தை அம்மாவிடமே கேட்கப் பார்ப்பார்கள், அதைத் தனியாக எதிர்கொள்ள வேண்டும். அப்போதும் 10 லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே 10 லட்சம் கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவே.

அந்த 2 வருட ஷரத்துக்கு கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கே பதில். 2000-இல் தன் விளம்பர வாய்ப்புகளைக் கவனிக்க பெர்செப்ட் டிமார்க் நிறுவனத்தோடு 3 வருட ஒப்பந்தம் போட்டார். முடிந்த பிறகு அவர் வேறு நிறுவனத்துக்குப் போனபோது, முதல் உரிமை எங்களுக்கு என்று தடை கேட்டார்கள். 2006-இல் சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது: காலம் முடிந்த பிறகும் ஒருவர் தொழிலைக் கட்டிப்போடும் ஷரத்து அதே சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. நடுவர் விஷயமும் அப்படித்தான். ஒரு தரப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

50,000-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செல்லாத ஒப்பந்தம்தானே என்று வைத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். என் கருத்து வேறு. பெற்ற பலனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல கோர்ட்டுக்கு வழி இருக்கிறது, கையில் அவர் பணம் இருக்கும்வரை அவருக்குப் பேச ஒரு பிடி இருக்கும். பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். கூடவே ஒரு வக்கீல் நோட்டீஸ், பிறப்புச் சான்றிதழ் நகலோடு.

பழைய ஸ்டாப்பர்:

வக்கீல் சார் சொன்னது சரி. நான் கிளப் பக்கத்து விஷயம் சொல்கிறேன் தங்கச்சி.

முதலில் அவர் ஏஜென்ட்தானா என்று பாருங்கள். ஃபுட்பால் ஏஜென்ட்டுக்கு ஃபிஃபா (உலக ஃபுட்பால் அமைப்பு) லைசென்ஸ் வேண்டும், பரீட்சை எழுதித்தான் வாங்க முடியும், லைசென்ஸ் உள்ளவர்கள் யார் என்று ஃபிஃபா தளத்திலேயே தேடலாம். ஃபிஃபா விதிப்படி வீரரோடு போடும் ஏஜென்ட் ஒப்பந்தம் 2 வருடத்தைத் தாண்டக் கூடாது. உங்களிடம் 5 வருடம் கேட்டவர் அந்த விதியைப் படித்தவராகவே தெரியவில்லை.

அப்புறம், ஏஜென்ட் ஒப்பந்தம் வேறு, கிளப் ரிஜிஸ்ட்ரேஷன் வேறு. ஏ.ஐ.எஃப்.எஃப். (அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனம்) வீரர்களைப் பதியும் சி.ஆர்.எஸ்.ஸில் தம்பி பெயர் எந்தக் கிளப்பின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். உள்ளூர் கிளப்பில் இருந்தால் பேச வேண்டியது அவர்களிடம், இவரிடம் இல்லை.

நடைமுறையில் என்ன நடக்கும் தெரியுமா? கேஸ் எதுவும் போட மாட்டார்கள். கிளப்புக்கு ஒரு மெயில் தட்டுவார்கள், "இந்தப் பையன் எங்களோடு ஒப்பந்தத்தில் இருக்கிறான்" என்று. சின்ன கிளப் என்றால் வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிவிடும். நல்ல பையன்கள் ஒரு சீசனை இப்படி இழந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவே இல்லை. அதனால் நோட்டீஸின் நகலோடு நீங்களே முந்திக்கொண்டு கேரள கிளப்பிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கிளப் பத்திரத்தையும் கவனியுங்கள். 18 ஆகும் முன் போடுவதென்றால் 3 வருடத்துக்கு மேல் கூடாது, ஃபிஃபா விதி. காயம் பட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது என்பது எழுத்தில் இருக்கட்டும். சம்பளத்தைவிட முழங்கால் முக்கியம்.

தூத்தூர் அக்கா:

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. பத்திரத்தைப் பார்த்தேன், அம்மா பெயருக்குக் கீழே காப்பாளர் என்றுதான் இருக்கிறது, ஜாமீன் என்ற பேச்சே இல்லை. ஃபிஃபா தளத்தில் தேடினேன், அவர் பெயர் வரவில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. தம்பியின் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க்‌ஷீட் அவரிடம் இருக்கிறது.

நாகர்கோவில் வக்கீல்:

அதை நோட்டீஸில் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள், 7 நாள் கெடு வைத்து. அடுத்தவர் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை. தராவிட்டால் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கிளப் சேர்க்கை அதற்காக நிற்க வேண்டாம், வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது.