உச்ச நீதிமன்றம் பார்க்கப் போகிறோம், எந்தக் கிழமை போவது?

கானாடுகாத்தான் மாணவி:
காரைக்குடியில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஆறு பேர் இன்டர்ன்ஷிப் செய்கிறோம். அடுத்த மாதம் டெல்லிக்குக் கூட்டிப்போகிறார். சனிக்கிழமை வழிகாட்டியோடு சுற்றிக்காட்டுவார்களாம். அதற்குப் போவதா, கோர்ட் நடக்கிற நாளில் போவதா? எங்கள் வீட்டுக்கே பாகப்பிரிவினை வழக்கு ஓடுகிறது, அதனால் எனக்கு இது வெறும் சுற்றுலா இல்லை.

டெல்லியில் இருக்கும் ஜூனியர் வக்கீல்:
கோர்ட் நடக்கிற நாள்தான் தங்கச்சி. சனிக்கிழமை என்றால் தராசு வடிவில் 1958-ல் திறந்த கட்டடத்தையும், நடுவில் தலைமை நீதிபதி அமரும் முதல் எண் கோர்ட்டையும் நிதானமாகப் பார்க்கலாம், ஆனால் வாதம் இருக்காது. திங்களும் வெள்ளியும் புது மனுக்கள், பலவும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். நீண்ட வாதம் கேட்க வேண்டுமென்றால் செவ்வாய் முதல் வியாழனுக்குள் போங்கள். நான் முதல் தடவை போனபோது கடைசி வரிசையில் நின்றேன். நீதிபதி பக்க எண்ணைச் சொல்லி முடிக்கும் முன்பே, பின்னால் நின்ற ஜூனியர் மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்து சீனியர் கையில் வைத்துவிட்டார். தொழில் என்றால் அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. மெட்ரோவில் நீலத் தடம், ஸ்டேஷன் பெயரே உச்ச நீதிமன்றம்தான். உள்ளே போகிற பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

தேவகோட்டை குமாஸ்தா:
முப்பது வருஷமாகக் கேஸ் கட்டு சுமக்கிறேன் அம்மா. போவதற்கு முன், மகள்களின் சொத்துரிமை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பைப் படித்துவிட்டுப் போ, 11.8.2020-ல் வந்தது. நம் பக்கம் 'சீர் செய்து கட்டிக்கொடுத்தாச்சு, இனி என்ன பங்கு' என்றே பெண்களை ஒதுக்கினார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தம்கூட அதற்கு முன் கல்யாணமானவர்களைச் சேர்க்கவில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் மாறியது. அன்றைக்குத் தகப்பனார் உயிரோடு இல்லாவிட்டாலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று இந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் 20.12.2004-க்கு முன்பே பத்திரம் பதிந்தோ கோர்ட்டில் தீர்ப்பாணை (டிகிரி) வாங்கியோ முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. உங்கள் கேஸ் கட்டுக்குள் அந்தத் தேதியை முதலில் பார்.

கானாடுகாத்தான் மாணவி:
ரொம்ப நன்றி அண்ணே, ஐயா. பார்த்துவிட்டேன், எங்கள் வீட்டில் பத்திரமே பதியவில்லை. அத்தைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் 1983-லும் 1986-லும். தீர்ப்பின் நகலைப் பெரிய அத்தையிடம் கொடுத்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு முற்றத்துத் தூணோரம் உட்கார்ந்து இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார். புதன்கிழமைக்குப் பாஸ் கேட்கச் சொல்லிவிட்டோம்.