தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்தவர்கள், அவர்களோடு பழகியவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

திருச்சியிலிருந்து:

நான் இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களிலிருந்து பிள்ளைகள் படிக்க வருவார்கள். வகுப்பில் யார் கேம்ப் பிள்ளை என்று சொல்லவே முடியாது. பேச்சும் சரி, கேலியும் சரி, அசல் திருச்சிதான். இறுதியாண்டில்தான் சிக்கல் தொடங்கும்.

ஒரு மாணவி மென்பொருள் நிறுவனம் ஒன்றின் எல்லாச் சுற்றையும் தாண்டிவிட்டாள். கடைசியில் ஒரு படிவம் வந்தது. குடியுரிமை என்ன, பாஸ்போர்ட் எண் என்ன? இலங்கை என்று எழுதினால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள். அவள் பிறந்தது திருச்சி அரசு மருத்துவமனையில், கடலைத் தாண்டியதே இல்லை. இந்தியா என்று எழுதினால் பொய்யாகிவிடும். கையில் இருந்தது முகாம் அட்டையும் ஆதாரும்தான். நான் போன் போட்டுப் பேசினேன். "எங்க லீகல் டீம் ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதனால் என்ன? இப்போது ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதுகிறாள், பாதிச் சம்பளத்துக்கு.

அந்த நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. அதனால் சட்டத்தின் கண்ணுக்கு இவள் வெறும் வெளிநாட்டவர். வெளியிலிருந்து வந்த சிலருக்குக் குடியுரிமையை எளிதாக்கிய 2019 சட்டத் திருத்தமும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது, இலங்கை அதில் இல்லை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து:

சார் சொல்வது எங்கள் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். அப்பா, அம்மா 1990-ல் தலைமன்னாரிலிருந்து போட்டில் வந்தவர்கள். நான் முகாமில் பிறந்தேன். பி.காம். முடித்தேன், பெயிண்ட் அடிக்கிறேன். எங்கள் லைனில் முக்கால்வாசி ஆண்களுக்கு இதே வேலைதான், ஏனென்றால் சாரத்தில் ஏறுகிறவனிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

"உங்களுக்கென்னப்பா, சும்மா பணம் வருது" என்று வெளியே சொல்வார்கள். வருகிறது, மறுக்கவில்லை. அரசு உதவித்தொகையை 2021-ல் கூட்டிய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1500, மற்றப் பெரியவர்களுக்கு 1000, பிள்ளைகளுக்கு 500. அந்த வருடம்தான் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், புது வீடும் அறிவித்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வேலை பாண்டிச்சேரியில் இருந்தாலும் அதிகாரிகள் முகாமில் ஆள் சரிபார்க்கும் தணிக்கை நாளில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பணம் நிற்கும். என் பைக் மேஸ்திரி பெயரில் இருக்கிறது. நல்ல மனிதர், அதனால் ஓடுகிறது.

2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த எங்களை, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 2025-ல் மத்திய அரசு ஆணை போட்டது. அன்றைக்கு முகாமில் சிலர் மிட்டாய் கொடுத்தார்கள். நான் வாங்கித் தின்றேன், ஆனால் துள்ளவில்லை. ஜெயிலில் போடமாட்டார்கள், அவ்வளவுதான். குடியுரிமை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மதுரையிலிருந்து:

நான் வக்கீல் குமாஸ்தா. தம்பி, உங்கள் முகாமில் 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அவர்களுக்குப் பெற்றோர் எந்த நாடு என்ற கேள்வியே இல்லை, பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில்தான் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. அவர் இருப்பது சார் சொன்ன அதே கொட்டப்பட்டு முகாமில். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார்.

அந்த 1987 தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை, ஆசை காட்ட விரும்பவில்லை. ஆனால் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்த குடும்பம் என்றால் தாத்தா, பாட்டி காலத்துக் காகிதங்களைத் தேடுங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள் முகாம்களில் நிறையப் பேர். அவர்கள் வழக்கு வேறு மாதிரி. பழைய பெட்டியில் எது கிடைத்தாலும் லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், அசலைச் சரிபார்க்கும்போது தொல்லை.