புது 450 டூரிங் வண்டி: மூணாம் கியர்ல இடிக்குது, முப்பந்தல்ல ஆடுது. எது வண்டி குணம், எது கோளாறு?

தக்கலை_450 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 450 சிசி, ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங், ஆறு கியர். முன்ன 21 இஞ்ச், பின்ன 17 இஞ்ச், ரெண்டும் கம்பி வீல். ஓடுனது 640 கிமீ. 500ல முதல் சர்வீஸ் முடிஞ்சாச்சு, ஆயிலும் ஃபில்டரும் மாத்தியாச்சு. இதுக்கு முந்தி கையில இருந்தது 150 சிசி வண்டி. அந்தப் பழக்கத்துல பாத்தா இது எல்லாமே கோளாறு மாதிரி தெரியுது. அதனால பிரிச்சுக் கேக்கேன்.

மார்த்தாண்டம் மாதிரி நெரிசல்ல மூணாம் கியர்ல ஊர்ந்து போகும்போது, 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழ வண்டி தலையாட்டிக்கிட்டே இடிக்குது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மூடித் திறந்தாலே செயின்ல 'டக்'னு சத்தம்.

எஞ்சின் சூடான பிறகு சிக்னல்ல நின்னா நியூட்ரல் விழமாட்டேங்குது. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் தாவுது.

முப்பந்தல் காத்தாடிப் பக்கம் 80ல போனா முன்வீல் மிதக்குற மாதிரி இருக்கு. டாப் பாக்ஸ் மாட்டியிருக்கேன்.

தினமும் குளச்சல் போய்வாறேன். ஒரே வாரத்துல செயின் ஓரமெல்லாம் செந்துரு.

ரேடியேட்டர் ஃபேன் அடிக்கடி ஓடுது. மீட்டர்ல பெட்ரோல் கட்டை பாதி வரை மெதுவா இறங்குது, அதுக்குப் பிறகு சட்டுசட்டுனு விழுது.

இதுல எதுக்கெல்லாம் சர்வீஸ் சென்டருக்கு ஓடணும், எதையெல்லாம் நான் பழகிக்கணும்?

இரணியல்_பட்டறை:

தம்பி, வண்டியைக் குறை சொல்லுறதுக்கு முன்ன ரெண்டு அளவை எடுங்க: செயின் தொய்வு, கிளட்ச் லீவர் ஃப்ரீ பிளே (கிளட்ச் பிடிக்குறதுக்கு முன்ன லீவர் சும்மா ஆடுற அளவு). நீங்க எழுதுனதுல பாதி அந்த ரெண்டுலயே அடங்கும்.

இடிக்குறதுக்குக் காரணம் இது. ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனாத்தான் ஒரு தடவை வெடிக்கும். 2,000 ஆர்பிஎம்ல நொடிக்குப் பதினேழு தள்ளு, 4,000ல முப்பத்திமூணு. 150லயும் கணக்கு இதுதான். ஆனா அதுல பிஸ்டன் சின்னது, ஒவ்வொரு தள்ளும் லேசு. இங்க ஒவ்வொண்ணும் பெரிய குத்து. ரெண்டு குத்துக்கு நடுவுல செயின் தொய்யும், அடுத்த குத்துல விறைக்கும். நீங்க கேக்குற 'டக்' அதுதான். செயின் தொய்வு கூடக்கூட அந்த அடியும் கூடும். புதுச் செயின் முதல் 500, 1,000 கிமீக்குள்ள படிஞ்சு தொய்யும். சர்வீஸ்ல சரி பண்ணியிருந்தாலும் மறுபடி பாக்கணும்.

அளக்குறது இப்படி. எஞ்சினை அணைச்சு சாவியை எடுத்துடுங்க. எஞ்சின் ஓட செயின் பக்கம் கை போகவே கூடாது, விரல் போயிடும். வண்டி சைடு ஸ்டாண்டுல, நியூட்ரல்ல. ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் சரி நடுவுல, கீழ்ச் செயினுக்குப் பக்கத்துல ஒரு இரும்பு ஸ்கேலை நிமித்திப் பிடிங்க. செயினை ஒரு விரலால கீழ இழுத்து ஒரு அளவு, மேல தள்ளி ஒரு அளவு. வித்தியாசம்தான் தொய்வு. வண்டியை ஒரு முழம் உருட்டி மறுபடி அளங்க. இப்படி நாலஞ்சு இடத்துல. எல்லா இடமும் ஒண்ணுபோல இருக்காது. எங்க ரொம்ப விறைப்போ, அங்க சாக்பீஸால ஒரு கோடு போட்டு, அந்த இடத்துலதான் அட்ஜஸ்ட் பண்ணணும். இந்த ரக வண்டிக்குப் பெரும்பாலும் 30–40 மிமீக்குள்ள வரும். உங்க வண்டிக்கு உள்ள சரியான எண் ஸ்விங் ஆர்ம்ல (பின்வீலைத் தாங்குற கை) ஒட்டுன ஸ்டிக்கர்ல இருக்கும். அதைத்தான் நம்பணும்.

தொய்வு கூடுதலா இருந்தா ஆக்சில் நட்டைத் தளர்த்தி, ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுத்து கால் சுத்தா, ஒரே அளவுல திருப்புங்க. வீலை முன்னால தள்ளி அட்ஜஸ்டர்ல உக்கார வைச்சு, நட்டை டார்க் ரெஞ்சால கையேட்டு அளவுக்கு முறுக்குங்க. முறுக்கும்போது தொய்வு ஒண்ணு ரெண்டு மிமீ குறையும். அதனால முறுக்குன பிறகும் ஒரு தடவை அளக்கணும். கடைசியில பின்பிரேக் பெடலை நாலு தடவை மிதிச்சுப் பாத்துட்டு எடுங்க.

ஒரு தப்பு மட்டும் வேண்டாம். சத்தம் போகணும்னு செயினை விறைப்பா வைக்காதீங்க. டூரிங் வண்டிக்கு சஸ்பென்ஷன் ஆட்டம் கூட. பின்னால ஆள் ஏறி, பள்ளத்துல விழுந்து, முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூணும் ஒரே நேர்கோட்டுல வரும்போதுதான் செயின் உச்ச விறைப்பு. அதுக்கு இடமில்லேன்னா கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங் அடி வாங்கும். கொஞ்சம் தொய்வு இருந்தா சத்தத்தோட போகும். விறைப்பு காசைத் தின்னும்.

அளவு சரியா இருந்தும் மீதி இடிக்குறது வண்டி குணம். மூணாம் கியர்ல 3,000க்குக் கீழ இறங்குனா ரெண்டுக்கு மாத்துங்க. நடை வேகத்துல ஒண்ணாம் கியர், அரை கிளட்ச், வலது கால் பின்பிரேக்குல லேசா ஒட்டி. பிரேக் அப்படி ஒட்டியிருந்தா செயின் ஒரு பக்கம் விறைச்சே நிக்கும், தலையாட்டாது. ஆறாம் கியர்ல திணற வைச்சு ஓட்டுனா மைலேஜ் கூடும்னு ஒரு நம்பிக்கை உண்டு. ரன்னிங்-இன் காலத்துல, அதாவது புது எஞ்சின் படியுற காலத்துல, எஞ்சினுக்கு அதைப்போல கெடுதல் வேற இல்ல.

இனி நியூட்ரல். லீவர் நுனியில ஆட்டம் பெரும்பாலும் 10–15 மிமீ இருக்கணும். புதுக் கேபிள் நீளும். ஆட்டம் கூடிட்டா லீவரை முழுசா பிடிச்சாலும் கிளட்ச் பிளேட் முழுசா பிரியாது. அப்ப நியூட்ரல் பிடி கொடுக்காது. சமதளத்துல கிளட்சை முழுசா பிடிச்சு ஒண்ணாம் கியர் போடுங்க. வண்டி தானா முன்னால நகரப் பாத்தா அதுதான் விஷயம். லீவர் பக்கத்து அட்ஜஸ்டர்ல சரியாகும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பும்போது அந்த ஆட்டம் மாறக்கூடாது. மாறுனா கேபிள் எங்கயோ மடங்கி இழுக்குது. ஆட்டமே இல்லாம வைச்சாலும் ஆபத்து, கிளட்ச் வழுக்கித் தேஞ்சிடும்.

அளவு சரியா இருந்தா பழக்கம்தான். முழுசா நிக்குறதுக்கு முன்னாலேயே, வண்டி உருண்டுகிட்டு இருக்கும்போது ரெண்டுல இருந்து அரை மிதி. சட்டுனு விழும். நின்ன பிறகு தேடாதீங்க. ஆயிலும் பாருங்க. பில்லுல பைக் ஆயிலுக்கு உள்ள ஜாசோ எம்ஏ2 தரமும், கையேட்டுல சொன்ன கிரேடும் இருக்கணும். கார் ஆயில் ஊத்தக் கூடாது. கிளட்ச் அந்த ஆயில்லதான் நனைஞ்சு ஓடுது.

ஃபேன் ஓடுறது நல்லது. நெரிசல்ல காத்து வராதப்ப அதுக்கு உள்ள வேலையே அதுதான். எஞ்சின் ஆறுனதும் ரிசர்வாயர்ல கூலன்ட் ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்குதா பாருங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிதண்ணி மூஞ்சியில அடிக்கும். பெட்ரோல் கட்டை எல்லாத்துலயும் அப்படித்தான். டேங்கு மேல அகலம், கீழ குறுகல். ஃபுல் டேங்க் போட்டு ட்ரிப் மீட்டரை பூஜ்யம் ஆக்குங்க. அடுத்த ஃபுல் டேங்குல ஓடுன கிமீயை ஊத்துன லிட்டரால வகுங்க. மூணு தடவை எடுத்தா கட்டையைப் பாக்க வேண்டிய தேவையே இல்ல.

தோவாளை_காத்து:

முப்பந்தல் பத்தி நான் சொல்லுதேன்.

மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வருறது மேக்காத்து. காவல்கிணறு நோக்கிப் போகும்போது முதுகுல தள்ளும், நாகர்கோவில் திரும்பும்போது நெஞ்சுல அடிக்கும். காவல்கிணறுல இருந்து பணகுடி, வள்ளியூர்னு வடக்க ஏறுனா முழுக்க இடது பக்கம். கன்னியாகுமரிக்குத் தெக்க இறங்குனா வலது பக்கம். எந்தப் பக்கம்னு முன்கூட்டியே மனசுல வைச்சுக்கிட்டு போங்க.

வேகம் 60ல இருந்து 80 ஆனா எதிர்க்காத்தோட தள்ளல் முக்கால் பங்கு கூடும். அதனால அங்க 60–65 போதும். பிடி தளரட்டும், முட்டியால டேங்கை இறுக்குங்க. ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சா உடம்புல அடிக்குற ஒவ்வொரு வீச்சும் நேரா முன்வீலுக்குப் போகும். காத்து இடது பக்கம் அடிச்சா இடது கைப்பிடியை முன்னால மெதுவா அழுத்துங்க, வண்டி காத்துக்குள்ள சாயும்.

நிஜமான ஆபத்து லாரியைத் தாண்டும்போது. லாரி மறைவுல காத்து நின்னு போகும், சாஞ்ச வண்டி லாரிப் பக்கம் இழுக்கும். தாண்டுனதும் ஒரே அடியா வெளிய தள்ளும். தாண்டியே ஆகணும்னா லாரிக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி விட்டு, கியரை ஒண்ணு குறைச்சு சீக்கிரம் தாண்டுங்க. லாரிக்குப் பக்கத்துலயே கூட ஓடாதீங்க.

முன்வீல் மிதக்குறதுக்கு உங்க டாப் பாக்ஸ்தான் முதல் சந்தேகம். அது பின் ஆக்சிலுக்கும் பின்னால, உயரத்துல தொங்குது. அங்க கனம் ஏறுனா முன்வீல் பாரம் குறையும், பாக்ஸ் பாய்மரமாவும் வேலை செய்யும். கேரியர்ல அச்சடிச்சிருக்க எடை வரம்பைப் பாருங்க. பலதுல 5 கிலோதான். டூல்ஸ், தண்ணி, பூட்டு மாதிரி கனமானதை சைடு பேக்ல கீழ வையுங்க, ரெண்டு பக்கமும் சம எடையா. ரெயின் கோட்டு, துணி மட்டும் மேல. ஆளோ சுமையோ ஏறுனா பின் பிரீலோடையும் (சஸ்பென்ஷன் ஸ்பிரிங் இறுக்கம்) ஏத்துங்க. பின்னால அமுங்குன வண்டி முன்னால லேசாத்தான் இருக்கும். டயர் காத்து காலையில, ஓடுறதுக்கு முன்ன, ஸ்டிக்கர் அளவுக்கு.

கம்பியையும் தட்டிப் பாருங்க. சின்ன ஸ்பானரால ஒவ்வொரு ஸ்போக்கையும் ஒரு தட்டு. இறுக்கமானது 'டிங்'னு பாடும், தளர்ந்தது 'டொக்'னு செத்த சத்தம் கொடுக்கும். புது வீல்ல முதல் 1,000 கிமீக்குள்ள ரெண்டு மூணு தளரும். நீங்களா முறுக்காதீங்க, ரிம் கோணிடும். டேப் சுத்தி அடையாளம் வைச்சு வீல் அலைன்மென்ட் தெரிஞ்ச ஆள்ட்ட கொடுங்க.

முட்டம்_கரை:

செந்துரு வருறது உப்பால. கடக்காத்து ஒரு பங்கு. குளச்சல் ரோட்டுல மீன் வண்டியில இருந்து சொட்டுற ஐஸ் தண்ணி இன்னொரு பங்கு, அதுவும் உப்புத் தண்ணிதான். அது செயின்லயும் டிஸ்க் போல்ட்டுலயும் ஸ்போக் நிப்பிள்லயும் காயக் காயத் தின்னும். வளைவுல வழுக்கவும் செய்யும், மீன் வண்டி பின்னால ஒட்டிப் போகாதீங்க.

வீட்டுக்கு வந்ததும் சாதா குழாய்த் தண்ணியால அடிப்பக்கம், வீல், செயின் மூணையும் கழுவுங்க. பிரஷர் வாஷ் வேண்டாம். வீல் பேரிங் சீல், செயின் ஓ-ரிங், ரேடியேட்டர் தகடு, ஒயர் கனெக்டர் எல்லாத்துக்குள்ளயும் தண்ணியை ஏத்திவிடும். கழுவுனதும் துணியால துடைச்சு, ரெண்டு கிமீ ஓட்டி, செயின் இளஞ்சூடா இருக்கும்போது லூப் (செயின் எண்ணெய்) போடணும். உள்பக்கம், வீலை கையால சுத்திக்கிட்டே. ராத்திரி போட்டுவிட்டா காலைக்குள்ள ஒட்டிப் பிடிச்சிருக்கும். 90 நம்பர் கியர் ஆயிலும் நல்லா வேலை செய்யும், ரிம்முல கொஞ்சம் தெறிக்கும், துடைச்சா போச்சு. சுத்தம் பண்ண மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் ஓ-ரிங்கைக் கெடுக்கும். துருநீக்கி ஸ்பிரே அடிச்சுட்டு லூப் போட்டாச்சுன்னு நினைக்காதீங்க, அது ரெண்டு நாள்ல பறந்துடும்.

வெயில் காலத்துல 500 கிமீக்கு ஒரு தடவை, உங்க ரோட்டுக்கு வாரம் ஒண்ணு, மழையில நனைஞ்சா அன்னைக்கே. ஈர வண்டி மேல பிளாஸ்டிக் கவர் போடாதீங்க. சைடு ஸ்டாண்டு சுவிட்சையும் கழுவுங்க. உப்பும் சேறும் அதுல ஏறுனா, ஸ்டாண்டு மேல இருந்தும் கியர் போட்டதும் எஞ்சின் அணையும்.

குலசேகரம்_ஏத்தம்:

இடிக்குறதுக்கு இன்னொண்ணு: ஈகோ மோடு இருந்தா நெரிசல்ல அதைப் போடுங்க, ஆக்சிலேட்டர் மெதுவா திறக்கும். ஆனா பேச்சிப்பாறை பக்கம் ஏத்தத்துல அது வேண்டாம். வளைவுல இழுக்காம நின்னு போச்சுன்னா கிளட்ச்தான் அடி வாங்கும். பின் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டாம காக்குறது) அணைச்சு ஓட்டுறவங்க, சாவியைத் திருப்புனாலே அது மறுபடி இயங்கும்னு நினைவுல வையுங்க. ரப்பர் தோட்ட ரோட்டுல ஈரச் சருகு கிடக்கும், அங்க அது இயங்குறதுதான் நல்லது.

தக்கலை_450:

அளந்துட்டேன். செயின் ரொம்ப விறைப்பான இடத்துலயே 52 மிமீ, ஸ்டிக்கர்ல 35. கிளட்ச் லீவர் நுனியில 22 மிமீ. ரெண்டையும் சரி பண்ணதும் தலையாட்டுறது இல்ல, நியூட்ரலும் விழுது. டாப் பாக்ஸ் எடையை 4 கிலோவுக்குக் குறைச்சாச்சு. முன்வீல்ல ரெண்டு ஸ்போக் 'டொக்'. ஒண்ணு மட்டும் மிச்சம்: முன்பிரேக்கை சட்டுனு பிடிச்சா ஹேண்டில் பக்கம் சின்னதா ஒரு 'டக்'. இதுவும் குணமா?

இரணியல்_பட்டறை:

இல்ல தம்பி, இதுக்கு உடனே கொண்டுபோங்க. ஹெட் பேரிங் (ஹேண்டில் திரும்புற இடத்துல உள்ள பேரிங்) உக்காந்து தளர்ந்திருக்கலாம், புது வண்டியில நடக்குறதுதான். ஆனா அப்படியே ஓட்டுனா பேரிங் ரேஸ்ல பள்ளம் விழும், பிறகு மாத்தித்தான் ஆகணும். முப்பந்தல்ல மிதந்ததுல இதுக்கும் பங்கு இருக்கலாம். பட்டறையில முன்வீலைத் தரையில இருந்து தூக்கச் சொல்லி, ரெண்டு ஃபோர்க்கையும் அடியில பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் கைக்குத் தெரிஞ்சா பேரிங். அங்க ஆட்டமே இல்லேன்னா பிரேக் காலிப்பர்ல பேட் நகருற சத்தம், அது ஒண்ணும் செய்யாது. இறுக்குன பிறகு, தூக்குன நிலையில ஹேண்டில் ரெண்டு பக்கமும் தன் எடையிலேயே விழணும். நடுவுல பிடிச்சு நின்னா கூடுதலா இறுக்கிட்டாங்க, மறுபடி தளர்த்தச் சொல்லுங்க. ஸ்போக்கையும் அதே நாள்ல பாத்துடுங்க. அதுவரைக்கும் காவல்கிணறு பக்கம் போகாதீங்க.