பூரணம் வைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு: நடுவில் வேகவில்லை, தோலும் கிழிகிறது

கேள்வி:
வணக்கம். கிழங்கை ஓவனில் முழுதாகச் சுட்டு, கீறி, பூரணம் வைத்துப் பரிமாற விரும்புகிறேன். வீட்டில் சிலருக்கு இனிப்பு வேண்டும், சிலருக்குக் காரம். 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்த பிறகும் நடுப்பகுதி மட்டும் கட்டையாகவே நிற்கிறது. சதையை வழித்தெடுக்கும்போது தோல் கிழிந்துவிடுகிறது. காளான், கீரை, சீஸ் கலந்த பூரணம் வைத்தால் நீர் விட்டுக்கொள்கிறது. அலுமினியத் தாளில் சுற்றித்தான் சுடுகிறேன். எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
முதலில் அந்தத் தாளை விட்டுவிடுங்கள். ஆவி வெளியே போக வழியில்லாததால் கிழங்கு சுடப்படாமல் அவிந்துபோகிறது. தோல் ஊறிக் கிழிவது அதனால்தான். கழுவி, ஈரம் போகத் துடைத்து, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, மேலே எண்ணெய் தடவி நேரடியாகத் தட்டில் வையுங்கள். வெந்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டுக் கீறுங்கள். வழிக்கும்போது தோலை ஒட்டி அரை சென்டிமீட்டர் சதையை விட்டுவிட்டால் கிண்ணம்போல் நிற்கும்.

பதில் 2:
தோலுக்கு அது சரி. ஆனால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நடுவில் கட்டையாக இருப்பதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். பச்சைக் கிழங்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்? எவ்வளவு பருமன்?

கேட்டவர்:
ஃபிரிட்ஜில், காய்கறி வைக்கும் அடித்தட்டில். ஒவ்வொன்றும் கால் கிலோ இருக்கும்.

பதில் 2:
கால் கிலோ கிழங்குக்கு ஒரு மணி நேரம் தாராளம். அப்படியானால் ஃபிரிட்ஜைத்தான் சந்தேகிக்கிறேன். சர்க்கரைவள்ளி வெப்பநாட்டுப் பயிர், குளிர் தாங்காது. 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் உள்சதை பாதிக்கப்பட்டு, எவ்வளவு வேகவைத்தாலும் நடுப்பகுதி இறுகியே நிற்கும். பார்வைக்கு எதுவும் தெரியாது. 13 முதல் 15 டிகிரி வரை ஏற்றது. அப்படி ஓர் இடம் இல்லையென்றால் காற்றோட்டமான நிழலில் வைத்து விரைவில் பயன்படுத்துங்கள். கிழங்கு நல்லதாக இருந்தால், கத்தி நடுவரை வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் உள்ளே 95 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நேரம் குறைய மைக்ரோவேவில் வைக்கலாமா?

பதில் 3:
வேகும், ஆனால் இனிப்பு குறையும். மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக மாற்றும் நொதி கிழங்கிலேயே இருக்கிறது. அது ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரையில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஓவனில் கிழங்கு அந்த வெப்பத்தை மெதுவாகக் கடக்கிறது. மைக்ரோவேவில் நொதிக்கு நேரமே கிடைப்பதில்லை. காரப் பூரணத்துக்கு அது பெரிய இழப்பல்ல, இனிப்புக்கு ஓவனே என் தேர்வு.

நீர் விடுவது காளானும் கீரையும் செய்யும் வேலை. காளானை அகன்ற வாணலியில் நீர் முழுதும் வற்றிப் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். கீரையை வதக்கி ஒட்டப் பிழியுங்கள். ஆரஞ்சு நிறச் சதையுள்ள கிழங்குக்கே ஈரம் அதிகம் என்பதால் அதற்கு வேகவைத்த கொண்டைக்கடலை, வதக்கிய வெங்காயம் போன்ற உலர்ந்த பூரணம் பொருந்தும். சதை வெண்மையாக இருந்தால் மாவுபோல் உலர்ந்திருக்கும். வெண்ணெயோ கெட்டித்தயிரோ சேர்த்து மசியுங்கள்.

காரத்துக்கு எலுமிச்சைச்சாறு அவசியம் என்பேன். கிழங்கின் தித்திப்பை அந்தப் புளிப்புதான் அடக்கும். இனிப்புக்கு வெண்ணெய், இலவங்கப்பட்டைத்தூள், வறுத்த பாதாம், ஒரு சிட்டிகை உப்பு போதும். சர்க்கரையைச் சுவைத்துப் பார்த்த பிறகு சேருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

பதில் 1:
பூரணம் வைத்தபின் மறுபடியும் பத்து நிமிடம் ஓவனில் வையுங்கள், சீஸ் உருகி மேல்பக்கம் சிவக்கும். கொட்டைகளை மட்டும் கடைசியில் தூவுங்கள், இல்லையென்றால் கருகிவிடும்.

கேட்டவர்:
சுட்ட கிழங்கையாவது முந்தைய நாளே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில் 2:
தாராளமாக. குளிரால் கெடுவது பச்சைக் கிழங்குதான். சுட்டதை ஆறவைத்து மூடி வைத்தால் மூன்று நாள் இருக்கும். பூரணத்தைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, கிழங்கைச் சூடாக்கிய பிறகு நிறையுங்கள்.