மூன்று ஆட்டம் பார்த்து ஓர் அணியை நம்பலாமா?

கோட்டை விசில் (வேலூர்) கேட்டது:

கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருந்து, விசிலை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். மகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனாள். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கேள்வியை விட்டுவிட்டு அந்த அணியைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அவள் புண்ணியத்தில் அந்த ஊர்க் கால்பந்து, அதுதான் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது எனக்கும் தொற்றிக்கொண்டது. நியூயார்க் நேரப்படி சனிக்கிழமை இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் சத்துவாச்சாரியில் எனக்கு ஞாயிறு விடியற்காலை ஐந்து மணி. பால் பாக்கெட் வருவதற்குள் பாதி தெரிந்துவிடும்.

எங்கள் அணி மூன்று ஆட்டத்திலும் வெற்றி. இரண்டில் ஐம்பது புள்ளிக்கு மேல். மகள் இப்போதே ஜனவரி இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் விலை பார்க்கிறாள். எனக்குத்தான் உறுத்துகிறது.

காரணம் இருக்கிறது. ஒரு ஜூலையில் கோட்டை மைதானத்தில் என் பையன்கள் எட்டு கோல் போட்டார்கள். எதிரணி வந்த பஸ் வழியில் நின்று, சாப்பிடாமல் நேராக மைதானத்தில் இறங்கியவர்கள். அவர்களுடைய கோல்கீப்பரிடம் கையுறைகூட இல்லை, நாங்கள்தான் கொடுத்தோம். அந்த எட்டை நம்பி, எங்கள் தடுப்பு வரிசையின் இடது பக்க ஓட்டையைப் பார்க்காமல் விட்டேன். மண்டலப் போட்டியின் முதல் சுற்றில் மூன்று கோல் வாங்கினோம், மூன்றும் இடது பக்கமாகவே.

நம் ஆட்டத்தில் எனக்குக் கண் உண்டு. இந்த ஆட்டத்தில் எதைப் பார்ப்பது?

காட்பாடி ஜங்ஷன்:

ஐயா, ஒன்பது ஆண்டுகள் அங்கே வேலை பார்த்துத் திரும்பியவன். முதலில், ஜெயித்தது யாரை என்று பாருங்கள். செப்டம்பரில் பெரிய பல்கலைக்கழகங்கள் சின்ன அணிகளைப் பணம் கொடுத்து வரவழைக்கும். அடி வாங்கிக்கொண்டு போவதற்கான கூலி. அதிலும் எப்போதாவது கணக்கு தப்பும்: 2007-ல் நாட்டுத் தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழக அணியை, அதன் சொந்த மைதானத்தில், ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு படி கீழ்ப் பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று வீழ்த்தியது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தைக் கையால் தடுத்தே ஜெயித்தார்கள்.

இரண்டாவது, கைநழுவி விழுந்த பந்துகள். நீள்வட்டப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. இன்று நான்கும் உங்கள் பக்கம் துள்ளியிருந்தால் அடுத்த மாதமும் துள்ளும் என்று அர்த்தமில்லை. அப்படி வந்த புள்ளிகளைத் தள்ளிவிடுங்கள். மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கிய பிறகு வந்ததையும் தள்ளுங்கள். மிச்சம் இருப்பதில், ஒரு முயற்சிக்குச் சராசரி எத்தனை யார்டு முன்னேறினார்கள், எத்தனை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் ஓரளவு உண்மை தெரியும்.

கண்ணுக்கு ஒரு வேலை: பந்தைப் பார்க்காதீர்கள். பந்து எறிபவருக்கு முன்னால் அரணாக நிற்கும் முன்வரிசை ஐந்து பேரின் கால்களைப் பாருங்கள்.

குடியாத்தத்து அத்தை:

அண்ணா, வெற்றி பொய் சொல்வது போலத் தோல்வியும் சொல்லும். 2014-ல் ஒஹாயோ ஸ்டேட் இரண்டாவது ஆட்டத்திலேயே வர்ஜீனியா டெக்கிடம் சொந்த மைதானத்தில் 35-21 என்று தோற்றது. முதன்மை குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவருக்கு, ஆகஸ்டில் தோளில் அடி. அனுபவமில்லாத பையன் ஆடினான். அதே அணிதான் அந்தப் பருவத்தின் சாம்பியன். 2024-ல் நோட்ர டேம் வடக்கு இல்லினாயிடம் 16-14 என்று தோற்றுவிட்டு இறுதி ஆட்டம் வரை போனது.

போன ஆண்டுப் பேரையும் நம்பாதீர்கள். அதே 2024-ல் புளோரிடா ஸ்டேட் தரவரிசையில் பத்தாம் இடத்தில் தொடங்கி இரண்டே ஆட்டம் ஜெயித்தது, பத்தில் தோல்வி. என் மகன் அந்தச் சட்டையைத் துவைக்கக்கூடப் போடவில்லை. பீரோவின் அடியில் கிடக்கிறது.

கோட்டை விசில்:

இருவருக்கும் நன்றி. மூன்றாவது ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் கோடு போட்டுக்கொண்டே பார்த்தேன். முதல் பாதியில் ஒரே ஒரு யார்டு தேவைப்பட்ட நான்கு முயற்சிகளில் மூன்றில் முன்வரிசை நகரவே இல்லை. இடது ஓரத்தில் நிற்கும் பையன் உயரம்தான், ஆனால் குதிகாலில் நிற்கிறான். எதிரி சுற்றிக்கொண்டு வந்தால் பின்வாங்கிப் பின்வாங்கிக் குவார்ட்டர்பேக் மீதே மோதுகிறான். நம்மவர் வலக்கைக்காரர், எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவருக்கு முதுகு. வருகிறவனைப் பார்க்கவே முடியாது. இதுவரை வந்த எதிரணிகளில் வேகமாகச் சுற்றி வர ஆளில்லை, அவ்வளவுதான்.

அக்டோபரில் வெளியூரில் பெரிய அணியோடு ஓர் ஆட்டம் இருக்கிறது, அதுவரை டிக்கெட் வாங்காதே என்று மகளிடம் சொன்னேன். "எந்த ஊர் ஆட்டமானாலும் உங்களுக்கு இடது பக்கம்தான் தெரியும் அப்பா" என்றாள்.