ஹாலில் 20, மாடியில் 16: தெர்மோஸ்டாட் அனுபவங்கள்

குளிர் ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் வீட்டு அனுபவத்தை ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறார்கள்.

ஹாரோ, லண்டன்

எங்கள் வீடு 1930களில் கட்டிய செமி, அதாவது பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டியது. ஹாரோ பக்கம் தெருத்தெருவாக இதே அச்சுதான். வாங்கும்போது சமையலறை அலமாரிக்குள் ஒரு பழைய காம்பி பாய்லரும் (தனித் தொட்டி இல்லாமல் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் வெந்நீர் தருவது) ஒரு டைமரும் இருந்தன. அறையின் சூட்டைப் பார்த்துப் பாய்லரைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் கிடையாது. காலையில் டைமர் ஹீட்டிங்கைப் போடும், அப்புறம் அணைக்கும். நடுவில் வீடு எவ்வளவு சூடாகிறது என்பது பாய்லருக்குத் தெரியவே தெரியாது. அக்டோபரில் வெளியே அவ்வளவாகக் குளிர் இல்லாத நாளிலும், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் கொதிக்கும். நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேஸுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

பாய்லரின் ஆயுள் முடிந்து புதிது மாட்டியபோதுதான் தெர்மோஸ்டாட் வந்தது. இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் இருந்து கேஸ் பாய்லர் மாற்றினால் நேரத்துக்கும் வெப்பநிலைக்கும் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும். காம்பி என்றால் அதற்கு மேல் இன்னொரு சிக்கன வசதியும் சேர்க்க வேண்டும். எங்களுக்கு ஒயர்லெஸ் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைக் கொடுத்தார்கள். பாய்லர் பக்கத்தில் ஒரு ரிசீவர் பெட்டி, சுவரில் ஒரு வட்டு.

பொருத்த வந்தவர் எதுவும் கேட்காமல் முன்கதவை ஒட்டி ஹால் சுவரில் மாட்டிவிட்டார். "எல்லா வீட்டிலும் இங்கேதான்" என்றார். இந்த ஊரின் பழைய வழக்கம் அதுதான். ஆனால் எங்கள் ஹால் சின்னது, அதில் இருக்கும் ரேடியேட்டரோ பெரியது. ஹால் கதவுகளை மூடிவிட்டால் சற்று நேரத்தில் 20 டிகிரியைத் தொட்டுவிடும், பாய்லர் நின்றுவிடும். மாடியில் வடக்குப் பார்த்த பிள்ளைகள் அறை 16ஐத் தாண்டாது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இதற்கு நேர்மாறு. முன்கதவு திறந்து மூடித் திறந்து மூடி, குளிர்காற்று நேராக வட்டின் மேல் அடிக்கும். யாரும் இல்லாத வீட்டுக்குப் பாய்லர் முழு மூச்சாக ஓடும். மலிவான தெர்மாமீட்டர்களை வாங்கி அறைக்கு ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகுதான் இவ்வளவும் புரிந்தது. தெர்மோஸ்டாட் வாங்குகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, இரண்டு தெர்மாமீட்டரும் சேர்த்து வாங்குங்கள் என்பதுதான்.

ஒயர்லெஸ் என்பதால் ஸ்டாண்டில் வைத்து உட்காரும் அறைக்குக் கொண்டுபோனோம். அங்கே வேறு சிக்கல். சமையலறைச் சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கிய வீடு இது. ஞாயிறு காலை தோசைக்கல் அடுப்பில் ஏறி, பக்கத்தில் இட்லிப் பானையும் ஆவி விட்டால், வட்டு 22, 23 என்று காட்டும். ஹீட்டிங் வராது. கீழே எங்களுக்கு வியர்க்கும், மாடியில் பிள்ளைகள் போர்வையை விட்டு வெளியே வர மாட்டார்கள்.

கடைசியில் சரியானது இப்படி. அடுப்பில் இருந்து தள்ளி, வெயில் படாத உள்சுவரில், தரையில் இருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டினோம். டிவிக்கும் விளக்குக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. அந்த அறை ரேடியேட்டரில் இருந்த தெர்மோஸ்டாட் வால்வை முழுதாகத் திறந்து விட்டோம். இல்லாவிட்டால் வால்வு தன் கணக்கில் மூடிக்கொள்ளும், சுவர் வட்டு தன் கணக்கில் சூடு கேட்டுக்கொண்டே இருக்கும். ஹால் ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்ட வால்வு ஒன்று இருக்கும், லாக்‌ஷீல்ட் என்பார்கள். அதை ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கியதும் மாடிக்கு வெந்நீர் கூடுதலாகப் போனது. பிள்ளைகள் அறை இப்போது 19 வருகிறது.

பொருத்திய அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வட்டில் ஹீட்டிங் அணைந்திருப்பதாகக் காட்டியது, ரேடியேட்டர்களோ சுட்டுக்கொண்டே இருந்தன. தெர்மோஸ்டாட் இல்லாமலும் ஓடுவதற்காகப் பல பாய்லர்களில் இரண்டு முனைகளை இணைத்து ஒரு சின்ன ஒயர் போட்டுத்தான் தொழிற்சாலையில் இருந்து அனுப்புகிறார்கள். தெர்மோஸ்டாட் மாட்டுகிறவர் அந்த லிங்க்கை எடுத்துவிட வேண்டும். எங்களுக்கு வந்தவர் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டதும் வந்து எடுத்தார், வேலை சில நிமிடம்தான். உங்கள் வீட்டில் இந்த அறிகுறி இருந்தால் லிங்க்கைப் பற்றிக் கேளுங்கள். நீங்களே திறக்க வேண்டாம், உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது.

ஈஸ்ட் ஹாம், லண்டன்

திருச்சியில் இருந்து அம்மா வந்திருந்த குளிர்காலம். விடிந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டில் 30.

"குளிருதுப்பா, அதான் கூட்டி வெச்சேன். சீக்கிரம் சூடாகும்ல?"

ஊரில் ஏசி ரிமோட்டை 16க்கு இறக்குகிற அதே கணக்கு. பாய்லர் 21க்கு ஓடுகிற அதே வேகத்தில்தான் 30க்கும் ஓடும், நிற்க மட்டும் நிற்காது என்று விளக்கினேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் 30 வைத்தார். ஆப்பில் அதிகபட்சம் 22 என்று பூட்டு போட்டேன்.

ஆனால் அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களுடையது விக்டோரியா காலத்து வரிசை வீடு. வெளிச்சுவரில் நடு இடைவெளி கிடையாது, முழுக்க செங்கல். தெர்மோஸ்டாட் காற்றின் வெப்பத்தைத்தான் அளக்கிறது, சுவரின் குளிர்ச்சி அதற்குத் தெரியாது. காற்று 20 இருந்தாலும் பக்கத்துச் சுவர் சில்லென்று இருந்தால் உடம்பு குளிரத்தான் செய்யும். அம்மாவின் நாற்காலி அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. நாற்காலியை உள்பக்கமாக மாற்றி, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, 21ல் நிறுத்தினோம். அதற்குப் பிறகு அம்மா வட்டைத் தொடவில்லை. குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று 2018ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்கு மேலே வையுங்கள். பில்லைப் பார்த்துப் பெரியவர்களை நடுங்க வைக்காதீர்கள்.

வெம்பிளி, லண்டன்

நான் கேஸ் வேலைக்கு வேண்டிய கேஸ் சேஃப் பதிவு பெற்று இதே வேலை செய்கிறவன். ஈஸ்ட் ஹாம் தம்பி சொன்னது பெரும்பாலான வீடுகளுக்குச் சரி, எல்லா வீட்டுக்கும் அல்ல. சாதாரண தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்தான். 'போடு', 'அணை' என்ற இரண்டைத் தவிர அதற்கு வேறு தெரியாது. ஓப்பன்தெர்ம் மாதிரி முறையில் பாய்லரோடு பேசுகிற தெர்மோஸ்டாட் அப்படி இல்லை. அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, தண்ணீரை 40க்குச் சூடாக்கு, 65க்குச் சூடாக்கு என்று பாய்லருக்குச் சொல்லும். அதில் 30 வைத்தால் பாய்லர் உண்மையிலேயே கடுமையாக ஓடும், கேஸும் வீணாகும். சில பாய்லர் கம்பெனிகள் ஓப்பன்தெர்ம் இல்லாமல் தங்கள் சொந்த முறை ஒன்றை வைத்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் உங்கள் பாய்லரோடு எது பேசும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது பொருந்தாவிட்டால் விலை உயர்ந்த தெர்மோஸ்டாட்டும் சுவிட்ச் வேலைதான் பார்க்கும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பாய்லரில் ரேடியேட்டர் தண்ணீருக்கு என்று தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. நான் போகிற வீடுகளில் பெரும்பாலும் 75, 80ல்தான் கிடக்கும். கண்டென்சிங் பாய்லர் சிக்கனமாக ஓட வேண்டுமானால் ரேடியேட்டரில் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55க்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் புகையில் இருக்கும் நீராவி குளிர்ந்து தண்ணீராகி, அந்தச் சூட்டையும் பாய்லருக்கே கொடுத்துவிட்டுப் போகும். 80ல் ஓட்டினால் அந்தச் சூடு வெள்ளை ஆவியாக வெளியே போய்விடும். காம்பி வைத்திருப்பவர்கள் 60க்கு இறக்கிப் பாருங்கள். வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். தனியாக வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீட்டில் மட்டும் யாரையாவது கேட்காமல் இறக்காதீர்கள். தொட்டித் தண்ணீர் 60க்குச் சூடாக வேண்டும், இல்லாவிட்டால் லெஜியனெல்லா கிருமி வளரும்.

அப்புறம், கடும் உறைபனி விழுந்த காலையில் எனக்கு வரும் போன்களில் பாதி தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்றுதான் வரும். போய்ப் பார்த்தால், பாய்லரில் இருந்து கழிவு நீர் வெளியே போகும் பிளாஸ்டிக் குழாய் உறைந்து அடைத்திருக்கும். பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கும். குழாயின் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ரீசெட் செய்தால் போதும், கொதிநீர் வேண்டாம். ஒயர்லெஸ் வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் பல மாடல்களில் பாய்லர் நின்றுவிடும், அதுவும் பெரும்பாலும் நடு ராத்திரியில்.

ஸ்காபரோ, ரொறொன்ரோ

இங்கே ரேடியேட்டர் இல்லை, ஃபர்னஸ்தான். கேஸ் எரித்துச் சூடான காற்றை வீடு முழுக்கக் குழாய் வழியே ஊதும். நாங்கள் வாங்கிய வீட்டில் வட்டமான பழைய ஹனிவெல் தெர்மோஸ்டாட் இருந்தது. 1953ல் வந்த வடிவம், ஹென்றி டிரேஃபஸ் என்பவர் வடிவமைத்தது. மூடியைக் கழற்றினால் சுருள் தகடு, அதன் மேல் பாதரசக் குமிழ். குளிர்ந்தால் சுருள் திரும்பி, குமிழ் சாய்ந்து, பாதரசம் ஒரு பக்கம் ஓடி சுவிட்ச் போடும். எவ்வளவு அழகான வேலைப்பாடு! கழற்றவே மனம் வரவில்லை. கழற்றினால் குப்பையில் போடாதீர்கள், பாதரசம் என்பதால் நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும்.

வைஃபை தெர்மோஸ்டாட் மாட்டப் போனபோது சுவருக்குள் இரண்டே ஒயர்தான் வேலையில் இருந்தன: மின்சாரம் வரும் ஆர், ஃபர்னஸைப் போடச் சொல்லும் டபிள்யூ. பழையதற்கு அது போதும். புதியது எந்நேரமும் மின்சாரம் கேட்கும், அதற்கு மின்சாரம் திரும்பிப் போகும் சி ஒயர் வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் பயன்படுத்தாத நீல ஒயர் ஒன்று சுவருக்குள் சுருண்டு கிடந்தது. கீழே ஃபர்னஸின் பலகையில் அதை சி முனையில் கொடுத்ததும் உயிர் வந்துவிட்டது. இங்கே 24 வோல்ட்தான், லண்டன்காரர்கள் மாதிரிப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் ஃபர்னஸ் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஆர் ஒயரும் சி ஒயரும் முட்டிக்கொண்டால் பலகையில் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். கழற்றும் முன் எந்த ஒயர் எந்த எழுத்தில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தலையிடி அதற்குப் பிறகுதான். எங்கள் பேஸ்மென்டில் படிக்கிற பிள்ளைகள் இருவர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஸ்காபரோவில் பாதி வீடு இப்படித்தான் என்பது தெரிந்ததே. வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு, தெர்மோஸ்டாட் ஒன்று, அதுவும் மேலே எங்கள் ஹாலில். மத்தியானம் தெற்கு ஜன்னலால் வெயில் விழுந்தால் மேலே 22 ஆகும், ஃபர்னஸ் நிற்கும். கீழே 17. பிள்ளைகள் கதைக்கக் கூச்சப்பட்டு மின்சார ஹீட்டர் வாங்கி வைத்திருந்தார்கள். மின்சார பில் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ரொறொன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்கு 21 டிகிரி கொடுப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. கீழே இருப்பவர் கேட்டு வாங்க வேண்டிய சலுகை இல்லை அது.

பேஸ்மென்டில் ஒரு ரிமோட் சென்சர் வைத்து, இரண்டு இடத்தின் சராசரியைப் பார்க்கும்படி செய்தோம். இரவில் அவர்களின் சென்சர் மட்டும். மேல்மாடியில் சூடான காற்று வரும் துவாரங்கள் சிலவற்றைப் பாதி மூடினோம். ஃபர்னஸ் எரியாத நேரத்திலும் மணிக்குச் சில நிமிடம் ஃபேன் சுற்றும்படி வைத்தோம். மேலே எங்களுக்கு இப்போது கொஞ்சம் வெக்கைதான். பரவாயில்லை.

ஹம், ஜெர்மனி

உங்களுக்காவது வீட்டுக்கு ஒரு தெர்மோஸ்டாட். எங்கள் அடுக்குமாடியில் சுவரில் ஒன்றும் இல்லை, ரேடியேட்டருக்கு ஒரு வால்வு, அதில் 1 முதல் 5 வரை எண். வந்த புதிதில் எல்லோரும் இதை ஃபேன் ரெகுலேட்டர் என்று நினைத்து 5ல் வைப்பார்கள். 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி, ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு டிகிரி வித்தியாசம். பனிச்செதில் குறி, தண்ணீர் உறையாமல் காப்பாற்ற மட்டும்.

இங்கே தினமும் ஜன்னலை அகலத் திறந்து காற்று மாற்றுவார்கள். அப்போது வால்வை மூடாவிட்டால், குளிர்காற்று பட்டதும் அது அறை உறைகிறது என்று நினைத்து முழுதாகத் திறந்துகொள்ளும். சோபாவோ நீளத் திரையோ வால்வை மறைத்தால் தலைகீழ். அதன் அருகில் மட்டும் சூடு தேங்கி, அறை குளிர்ந்திருக்கும்போதே மூடிக்கொள்ளும்.

கோடை முடிந்து முதல் குளிர் வந்த நாளில் ஒரு ரேடியேட்டர் சில்லென்றே கிடந்தால், வால்வுத் தலையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஊசி இறுகியிருக்கும். அழுத்தினால் உள்ளே போய்த் தானே வெளியே வர வேண்டும். லேசாகத் தட்டி அசைக்கலாம், குறடால் பிடித்து இழுக்கக் கூடாது. பிடுங்கிக்கொண்டு வந்தால் தண்ணீர் பீய்ச்சும். கோடையில் 5ல் திறந்தே விட்டு வைத்தால் இறுகாது, பாய்லர் ஓடாதபோது சூடும் வராது.

பில்லும் இங்கே வேறு மாதிரி. கட்டடத்துச் செலவில் 50 முதல் 70 சதவீதம் வரை அவரவர் பயன்படுத்தியதற்கு ஏற்பப் பிரிப்பார்கள், மீதியை வீட்டின் பரப்பளவை வைத்து. அதனால் எல்லா வால்வையும் மூடிவிட்டு ஊருக்குப் போய் வந்தாலும் ஒரு தொகை வரும். சண்டைக்குப் போகாதீர்கள்.

ஹாரோ, லண்டன்

வெம்பிளி அண்ணா சொன்னபடி பாய்லர் தண்ணீரை 60க்கு இறக்கிப் பார்த்தேன். ரேடியேட்டர் கை சுடவில்லை, வீடு சூடாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம்: காலையில் ஹீட்டிங்கை அரை மணி முன்னதாகத் தொடங்க வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்காபரோ அக்கா சொன்ன சென்சர் எங்கள் மாடலுக்கும் கிடைக்கிறதாம், பிள்ளைகள் அறைக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன்.